பொதித் தேனீ நம் மலையில் கிடைக்குமா? புதுப் பெட்டியில் குடியேற்றுவதும் நோயின்றிக் காப்பதும்

மேல்கொத்மலை (தலவாக்கலை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலை மலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே தேனீ வளர்க்கலாம் என்று தச்சரிடம் சொல்லி இரண்டு பெட்டிகள் செய்து வைத்திருக்கிறேன். இணையத்தில் கிடைத்த லாங்ஸ்ட்ரோத் என்ற பெட்டி அளவு, பெட்டிக்கு அடை கட்டுவதற்கான பத்து மரச்சட்டம். வெளிநாட்டுக் காணொளிகளில், கம்பிவலை அடித்த சிறு கூண்டில் வரும் தேனீக்களை விலைக்கு வாங்கி, அப்படியே பெட்டிக்குள் உதறிக் குடியேற்றுகிறார்கள். ராணி தனிக் கூண்டில் வருகிறது. அந்தப் பொதித் தேனீ இலங்கையில் எங்கே கிடைக்கும்? கிடைத்தால் குடியேற்றிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும், என்னென்ன நோய் வரும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

தம்பி, நீங்கள் பார்த்த தேனீ வேறு, நம் மலையில் இருக்கும் தேனீ வேறு. காணொளியில் வருவது ஐரோப்பியத் தேனீ, அதாவது ஏபிஸ் மெலிபெரா. இலங்கையில் அந்த இனம் இயற்கையாக இல்லை. இங்கே இயற்கையாக இருக்கும் தேனீ இனங்கள் மூன்று. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றைப் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ ஒன்று, செடிக் கிளையில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ இன்னொன்று. மரப்பொந்திலும் சுவர்ப் பொந்திலும் இருட்டில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டும் பொந்துத்தேனீ மூன்றாவது. இவற்றுள் பெட்டியில் வளர்க்கக்கூடியது பொந்துத்தேனீ மட்டுமே, ஏபிஸ் செரானா. கொடுக்கில்லாத சிறுதேனீ வேறு வகை. அதை இந்தப் பேச்சில் விட்டுவிடலாம்.

ஆகவே பொதித் தேனீ என்ற வணிகம் இங்கே இல்லை. யாராவது வெளிநாட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வேறு இனத்தின் ஆண் தேனீக்கள் வானில் கலந்தால் நம் ராணிகளின் புணர்ச்சிப் பறப்பு குழம்பும், நோயும் கூடவே வந்து சேரும். இன்று உலகம் முழுவதும் ஐரோப்பியத் தேனீயை வாட்டும் வரோவா உண்ணி கூட முதலில் நம் ஆசியத் தேனீயில்தான் இருந்தது. ஆசியத் தேனீ அதைத் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பியத் தேனீக்குப் போன பிறகுதான் அது கொலைகார உண்ணியானது. இரண்டு இனங்களை ஒரே இடத்தில் நெருக்கி வைத்ததன் விளைவு அது.

இனி உங்கள் பெட்டியைப் பற்றி. பத்துச் சட்ட லாங்ஸ்ட்ரோத் பெட்டியின் கொள்ளளவு 40 லீட்டருக்கு மேல் வரும். நம் தேனீக் கூட்டத்துக்கு அது தேவைக்கு மிகப் பெரிய வீடு. மலைக் குளிரில் சிறு கூட்டம் அவ்வளவு இடத்தைச் சூடாக வைத்திருக்க முடியாது. புழுக்கள் வளர 33 முதல் 36 பாகை வரை வெப்பம் வேண்டும். அதோடு, ஐரோப்பியத் தேனீக்கு அடைக்கும் அடைக்கும் நடுவில் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் விட்டுச் சட்டம் அடுக்குவார்கள். நம் தேனீ அதைவிட நெருக்கமாகக் கட்டும். இடைவெளி கூடினால் சட்டத்தை மதிக்காமல் குறுக்காக அடை கட்டிவிடும், பிறகு ஒரு சட்டத்தையும் வெளியே எடுக்க முடியாது. அடை கட்டத் தொடக்கமாகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாளையும் ஐரோப்பிய அளவில் கடையில் வாங்காதீர்கள், அதன் கண்ணறை நம் தேனீக்குப் பெரியது. பெட்டியை வீசிவிட வேண்டாம். தச்சரிடம் கொடுத்து உட்புறம் குறுக்கி, சட்டங்களையும் சிறிதாக்கலாம். பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. நம் தேனீக்கு ஏற்ற பெட்டி அளவை அங்கே ஒருமுறை போய் நேரில் பார்த்து வாருங்கள்.

ஒன்ராறியோவிலிருந்து

நான் பதுளையில் பிறந்தவன், இப்போது கனடாவில் பொழுதுபோக்காகச் சில பெட்டிகள் வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டவர் காணொளியில் கண்டது என்ன என்பதைச் சொன்னால், அது ஏன் உங்களுக்குப் பொருந்தாது என்பது விளங்கும்.

இங்கே நான் வாங்கும் பொதி ஒரு கிலோ அளவு. சில ஆயிரம் தேனீக்கள் அதில் இருக்கும். அவை பல கூட்டங்களிலிருந்து உதறிச் சேர்க்கப்பட்டவை. கூடவே வரும் ராணி அவற்றின் தாய் அல்ல. அதனால்தான் அதைத் தனிக் கூண்டில் அடைத்து, வாயில் சீனிப் பாகுக் கட்டியால் அடைப்பு வைக்கிறார்கள். தேனீக்கள் அந்தக் கட்டியைத் தின்று முடிக்கும் சில நாட்களில் அவளுடைய மணத்துக்குப் பழகிவிடும், ராணியும் வெளியே வந்துவிடும். அந்திநேரத்தில் பெட்டிக்குள் உதறி, ராணிக் கூண்டை இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிட்டு, சம அளவு சீனியும் தண்ணீரும் கலந்த பாகை வைத்து மூடிவிடுவோம். நாலைந்து நாட்களுக்குப் பிறகு திறந்து ராணி வெளியே வந்துவிட்டாளா என்று மட்டும் பார்ப்போம். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர 21 நாட்கள் ஆகும். அதுவரை வயதானவை செத்துக்கொண்டே இருப்பதால் கூட்டம் மெலிந்து போகும். புதியவர்கள் அதைக் கண்டு பயப்படுவார்கள். குடியேற்றிய முதல் சில நாட்களில் மூடிய புழு அறை எதுவும் இல்லாததால் உண்ணிகள் எல்லாம் தேனீக்களின் உடம்பிலேயே இருக்கும். உண்ணி மருந்து போடுவதற்கு அதைவிட நல்ல வேளை கிடையாது.

இங்கேயும் பொதியை எங்கிருந்தும் வாங்கிவிட முடியாது. அமெரிக்காவிலிருந்து பொதித் தேனீ இறக்குவதை உண்ணிகளுக்கு அஞ்சி 1987இல் கனடா நிறுத்தியது. அதன் பிறகு நியூசிலாந்து போன்ற தூர தேசங்களிலிருந்து விமானத்தில் வருகின்றன. ஒரு தீவில் இருந்துகொண்டு வெளித் தேனீயை இறக்க ஆசைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேல்கொத்மலை

இரண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. பெட்டியைக் குறுக்கத் தச்சரிடம் கொடுத்துவிட்டேன். அப்படியானால் நம் தேனீயை எங்கே பிடிப்பது? பிடித்ததைக் காணொளியில் காட்டியதுபோல் உதறி, ராணியை மட்டும் கூண்டில் வைத்தால் நிற்காதா?

பசறைக்காரி (பசறை)

நிற்காது தம்பி. ஐரோப்பியத் தேனீயைப் பல தலைமுறையாகத் தேர்ந்து தேர்ந்து வளர்த்து, வெறும் பெட்டியில் உதறினாலும் தங்கும் குணத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். நம் தேனீ காட்டுக் குணம் மாறாதது. புழுவும் இல்லை, தேனும் இல்லை என்றால் அதற்கு அந்தப் பெட்டியில் ஒரு கடனும் கிடையாது. மறுநாள் வெயில் ஏறியதும் எழுந்து போய்விடும். அதைக் கட்டிப்போடுவது பால்குடிப் புழு ஒன்றே. மூடாத அறையில் சிறு புழு இருக்கும் அடையை விட்டுவிட்டுத் தேனீ எளிதில் போகாது.

கூட்டம் கிடைக்க மூன்று வழிகள் உண்டு. ஏற்கெனவே வளர்ப்பவரிடம் பெட்டியோடு அல்லது சட்டங்களோடு வாங்குவது முதல் வழி. நம் மலையில் பொதித் தேனீக்கு மாற்று என்றால் அதுதான், புதியவர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான். மண் முட்டியையோ சிறு பெட்டியையோ உட்புறம் பழைய தேன்மெழுகு தேய்த்து, நிழலான உயரத்தில் கட்டி வைத்துப் பிரிந்து வரும் கூட்டத்துக்குக் காத்திருப்பது இரண்டாவது வழி. இதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். சுவரிலோ மரப்பொந்திலோ கல்லுக் கட்டிலோ இருக்கும் கூட்டத்தை அடையோடு மாற்றுவது மூன்றாவது வழி. தலவாக்கலைப் பக்கம் பழைய கட்டடங்களின் கல்லுச் சுவர்களில் எத்தனையோ கூட்டங்கள் இருக்கும். காட்டு மரத்தை வெட்டிக் கூட்டம் எடுக்க மட்டும் போகாதீர்கள். அது அரசாங்கச் சட்டத்துக்கும் ஆகாது, மரத்துக்கும் ஆகாது.

மாற்றுவதை விரிவாகவே எழுதுகிறேன், இதில்தான் பலருக்குக் கூட்டம் கைவிட்டுப் போகிறது. மழையில்லாத நாளில் பின்னேரம் நான்கு மணிக்கு மேல் தொடங்குங்கள். புகை மெதுவாகக் காட்ட வேண்டும். கக்கி நிரப்பினால் ராணி எங்காவது இடுக்கில் போய் ஒளிந்துவிடும். அடைகளை ஒவ்வொன்றாக மேலிருந்து கூரான கத்தியால் அறுத்து, ஒட்டியிருக்கும் தேனீக்களைக் கோழி இறகால் தள்ளிவிட்டு, தேன் இருக்கும் மேல்பகுதியை வெட்டி மூடியுள்ள பாத்திரத்தில் போடுங்கள். புழுவும் முட்டையும் உள்ள பகுதியை மட்டும் சட்டத்துக்குள் பொருந்தும்படி நறுக்கி, மேல்கட்டையோடு ஒட்ட அணைத்து, வாழை நாரால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். கூட்டில் எது மேலே இருந்ததோ அதுவே சட்டத்திலும் மேலே இருக்க வேண்டும். அறைகளின் வாய் சிறிது மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதை உற்றுப் பார்த்தால் தலைகீழாக வைத்துவிட மாட்டீர்கள். நூலும் நைலோனும் வேண்டாம், தேனீயின் கால் சிக்கும். வாழை நாரைத் தேனீக்களே சில நாட்களில் கடித்து எறிந்துவிடும், அதற்குள் அடை மெழுகால் ஒட்டியிருக்கும்.

மூன்று, நான்கு புழு அடை போதும். அவற்றைப் பெட்டியின் நடுவில் நெருக்கமாக வைத்து, மிச்ச இடத்தைத் தடுப்புப் பலகையால் அடைத்துவிடுங்கள். பிறகு சுவரோரம் திரண்டு நிற்கும் தேனீக் கொத்தைக் கையால் அள்ளிச் சட்டங்களின் மேல் விடுங்கள். கையுறை போட்டால் நசுங்கும் தேனீ அதிகம். நான் வெறுங்கையால்தான் அள்ளுவேன், ஆனால் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்ல மாட்டேன். ராணி உள்ளே போய்விட்டால் வாசலில் நிற்கும் தேனீக்கள் வால்புறத்தைத் தூக்கி, சிறகடித்து, மற்றவற்றை உள்ளே அழைக்கும். அதைக் கண்டால் வேலை முடிந்தது. இருட்டும் வரை பெட்டியைப் பழைய கூட்டின் வாயருகிலேயே வையுங்கள், மேய்ச்சலுக்குப் போனவை திரும்பி வந்து சேர வேண்டும். ஒரு சொட்டுத் தேனும் பெட்டியின் மேல் ஒழுகி நிற்கக் கூடாது. ஒழுகினால் விடிவதற்குள் எறும்பு வந்துவிடும், விடிந்ததும் பக்கத்துக் கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

மஸ்கெலியா மழை (மஸ்கெலியா)

பசறை அக்கா சொன்ன முறை சரி. ஆனால் ராணித் தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? வாசலில் தடுப்புத் தகடு பொருத்தினால் வேலைக்காரத் தேனீ போய்வரும், உடல் பெருத்த ராணியால் வெளியேற முடியாது. ராணி இல்லாமல் கூட்டம் போகாது. எங்கள் பக்கத்தில் தடுப்பு இல்லாமல் யாரும் கூட்டம் மாற்றுவதில்லை.

பசறைக்காரி

வேண்டுமென்றேதான் விட்டேன் தம்பி. தடுப்பை நான் எதிர்க்கவில்லை, முதல் சில நாட்களுக்கு வைக்கலாம். ஆனால் அதை வைத்துவிட்ட தெம்பில் மற்றக் காரியங்களில் கவனம் விட்டுப் போகிறது. எறும்பு ஏறும் பெட்டியிலும், பட்டினி கிடக்கும் பெட்டியிலும் தடுப்புப் போட்டு என்ன பயன்? கூட்டம் எழுந்து பறக்கும், ராணி வரவில்லை என்று திரும்பும், மறுநாளும் அப்படியே. அலைந்து அலைந்து மெலிந்து கடைசியில் உள்ளேயே அழியும். ஆண் தேனீக்களும் தடுப்பைத் தாண்ட முடியாமல் வாசலில் செத்துக் குவிந்து காற்றை அடைக்கும். எல்லாவற்றையும்விட, உள்ளே இருப்பது புணராத இளம் ராணியாக இருந்தால் தடுப்பு அவளை மலடாக்கிவிடும். வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு சேராமல் அவளால் வேலைக்காரத் தேனீக்கான முட்டை இட முடியாது. ஆகவே புதுக் கூட்டத்தில் முட்டையைக் கண்ணால் பார்த்த பிறகே தடுப்பு, அதுவும் சில நாட்களுக்கே.

ஊவாக்காற்று

இதில் நான் பசறைத் தங்கச்சியின் பக்கம். தடுப்பு வைத்திருக்கிறீர்களோ இல்லையோ, வாசலில் மகரந்தம் வருகிறதா என்று காலையில் பாருங்கள். பின்னங்காலில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு உருண்டை சுமந்துகொண்டு தேனீக்கள் வந்தால் உள்ளே ஊட்ட வேண்டிய புழு இருக்கிறது, கூட்டம் தங்கிவிட்டது. மகரந்தம் வராமல், போக்குவரத்தும் மெலிந்து, உள்ளே முட்டையும் இல்லாமல் சேமித்த தேனையும் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தால் அது புறப்பட ஆயத்தமாகிறது என்று பொருள். அந்த நிலையில் இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் சிறு புழுவும் உள்ள அடை ஒன்றைக் கொடுத்து, இரவில் சீனிப் பாகும் வைத்தால் பெரும்பாலும் மனம் மாறும். இதற்காகவே ஒரு பெட்டியோடு தொடங்காதீர்கள், இரண்டாகத் தொடங்குங்கள் என்று சொல்கிறோம்.

வாசலில் அப்படி எந்தக் கெட்ட அறிகுறியும் தெரியாவிட்டால், முதல் பத்து நாட்களுக்குப் பெட்டியைக் கிளறிப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஆசையால் தினமும் மூடியைத் தூக்கிப் பார்ப்பவர்களிடம் நம் தேனீ தங்காது.

மஸ்கெலியா மழை

சரி, தடுப்பை விட்டுவிடுவோம். பாகு பற்றிக் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் வைகாசி பிறந்தால் புரட்டாசி வரை மழைதான். தேனீ வெளியே தலை நீட்ட முடியாது. பண்டாரவளைக்காரர்கள் அதே மாதங்களில் தேன் எடுக்கிறார்கள். ஒரே மலைநாட்டில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் ஒரே ஆலோசனை எப்படிப் பொருந்தும்?

ஊவாக்காற்று

பொருந்தாதுதான், நல்ல வேளையாகக் கேட்டீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதிக் கொட்டித் தீர்க்கிறது. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் அந்தச் சரிவில் இருக்கின்றன. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வரும்போது அதே காற்று ஈரமில்லாமல் உலர்ந்து வீசுகிறது. அந்த வறண்ட மாதங்களில் எங்கள் பக்கத்து யூக்கலிப்டஸ், அதாவது தோட்டங்களில் டர்பன்டைன் என்று சொல்லும் மரம், பூத்துக் கிடக்கும். பண்டாரவளைத் தேன் என்று பெயர் எடுத்தது அந்தப் பூவால்தான். எங்களுக்குப் பஞ்சம் மார்கழி, தை மாதத்து வடகிழக்கு மழையில் வருகிறது. ஆகவே நாள்காட்டியைப் பார்த்துப் பாகு வைக்காதீர்கள், பெட்டியின் பின்புறத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். கனம் இல்லையென்றால் ஊட்டுங்கள்.

தேயிலை மலையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். கிழமைக்குக் கிழமை கொழுந்து கிள்ளும் செடியில் பூ எங்கே வரப்போகிறது? தேனீக்குச் சாப்பாடு தருவன நிழல் மரங்களும், கான் ஓரத்துக் களைகளும், கைவிடப்பட்ட மலைகளும், வீதியோரத்துக் காட்டுச் சூரியகாந்தியும், வீட்டுக் கோப்பி மரமும், பேரி, கொய்யா மரங்களும்தான். கிரவிலியா பூக்கும் காலத்தில் அதன் செம்மஞ்சள் பூவில் தேன் துளி கண்ணுக்கே தெரியும்.

பாகுக்கு வெள்ளைச் சீனி மட்டும். சிவப்புச் சீனியும் கருப்பட்டியும் தேனீயின் வயிற்றைக் கெடுக்கும், குளிர்காலத்தில் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும். எடைக்கு எடை தண்ணீர் கலந்து கரைத்து, ஆறிய பிறகு, மூடியில் ஊசித் துளை போட்ட போத்தலில் ஊற்றிச் சட்டங்களின் மேல் கவிழ்த்து வையுங்கள். இரவில் வைத்து, காலையில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். கடைத் தேனை ஒருபோதும் ஊட்டாதீர்கள், எந்தக் கூட்டத்து நோய் அதில் இருக்கிறது என்று தெரியாது. அது தேன்தானா என்பதும் தெரியாது! நாம் எடுக்கும் தேன் சேர்வதற்காகப் பெட்டிக்கு மேல் வைக்கும் தேன் தட்டு இருக்கும்போது பாகு வைப்பவர் தேனீயை ஏமாற்றவில்லை, வாங்குபவரை ஏமாற்றுகிறார். கலப்பட வியாபாரிகளால் நல்ல தேன் விற்கிறவனையும் சந்தேகமாகப் பார்க்கும் காலம் இது.

வெலிமடைத் தோட்டம் (வெலிமடை)

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பெட்டியில் புழுக்கள் செத்துக் கிடக்கின்றன. சில அறைகளின் மூடியில் துளை இருக்கிறது. உள்ளே புழு தலையை மேலே தூக்கியபடி, முனை கறுத்துக் கிடக்கிறது. நாற்றம் அதிகம் இல்லை. உருளைக்கிழங்குக்கு அடித்த மருந்தாக இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். என்ன மருந்து போடலாம்?

ஒன்ராறியோவிலிருந்து

மருந்து பட்ட தேனீ வாசலிலும் தரையிலும் குவியலாகச் செத்துக் கிடக்கும், பெரும்பாலும் நாக்கு வெளியே நீண்டிருக்கும். நீங்கள் சொல்வது புழு நோய். ஒரு ஈர்க்கை எடுத்து அந்தப் புழுவை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தோல் கிழியாமல், அடியில் தண்ணீர் தேங்கிய சிறு பைபோல் தொங்குகிறதா? அல்லது நூல்போல் இழுபடுகிறதா? இரண்டாவது என்றால் அது பாக்டீரியாவால் வரும் வேறு பயங்கர நோய்.

வெலிமடைத் தோட்டம்

பைபோல்தான் தொங்கியது. உள்ளே தெளிந்த நீர். நூல் இழுபடவில்லை.

பசறைக்காரி

அப்படியானால் அது பைப்புழு நோய், வைரசால் வருவது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இதே நோய் பரவி, கன்னியாகுமரி, கேரளப் பக்கத்துப் பொந்துத்தேனீப் பெட்டிகளைக் கிட்டத்தட்டத் துடைத்துப் போட்டது. வைரசுக்கு மருந்து கிடையாது. கால்நடைக்குப் போடும் நுண்ணுயிர் எதிர்ப்பியைப் பாகில் கரைத்து ஊட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அது வைரசை ஒன்றும் செய்யாது, தேனில் மட்டும் போய்ச் சேரும்.

செய்யக்கூடியது வேறு. நோய் அதிகமாக உள்ள அடைகளை எடுத்து எரித்துவிடுங்கள். அந்தப் பெட்டியின் சட்டத்தையோ அடையையோ மற்றப் பெட்டிக்கு மாற்றாதீர்கள். கத்தியையும் கையையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். ராணியைக் கூண்டில் அடைத்துச் சில நாட்கள் முட்டையிடாமல் நிறுத்தினால் புது நோயாளிப் புழு உருவாகாது. அந்த இடைவெளியில் வேலைக்காரத் தேனீக்கள் செத்தவற்றை இழுத்து எறிந்து அறைகளைத் துப்புரவாக்கிவிடும். இடத்தைக் குறுக்கி, தேனீக்கள் நெருக்கமாக மூடிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் அடை விடுங்கள். பிழைத்து வரும் கூட்டத்திலிருந்தே அடுத்த ராணியை எடுங்கள், அது நோயைத் தாங்கும் வம்சமாக இருக்கக்கூடும்.

மூடாத அறையிலேயே மிகச் சிறு புழு முறுகி மஞ்சளாகி, புளித்த வாடை வந்தால் அது ஐரோப்பிய புழுவழுகல் என்ற வேறு நோய். பட்டினிக் கூட்டத்துக்கே அது அதிகம் வரும். நல்ல பூக்காலம் வந்தால் பெரும்பாலும் தானாக மாறிவிடும்.

ஊவாக்காற்று

நோய்களுக்கு ஒரு நீண்ட பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. நம் மலையில் பெட்டியை வெறுமையாக்குவன பெரும்பாலும் எறும்பும் மெழுகுப் பூச்சியும்தான். பெட்டிக் கால்களைப் பழைய ஒயில் ஊற்றிய தகரங்களில் வையுங்கள், மழை நீர் நிரம்பாமல் மேலே ஒரு கவிழ்த்த மூடி இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒரு புல் நுனி கூடப் பெட்டியைத் தொடக் கூடாது. எறும்புக்கு அந்த ஒரு புல் போதும்.

மெழுகுப் பூச்சியை அடிப்பலகையில் பிடிக்கலாம். கிழமைக்கு ஒருமுறை அடிப்பலகையை உருவி, விழுந்து கிடக்கும் மெழுகுத் தூளைச் சுரண்டித் தீயில் போடுங்கள். பூச்சிப் புழு முதலில் வளர்வது அந்தத் தூளில்தான். பிறகு கறுத்த பழைய அடைகளுக்குள் ஏறி, வெள்ளை நூல் சுரங்கம் அமைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். தேனீ மூடாத அடை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது, கறுத்த அடையை ஆண்டுதோறும் மாற்றிவிடுங்கள். உண்ணியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒன்றையொன்று சுத்தம் செய்துகொள்ளும் பழக்கத்தால் நம் தேனீ அதைச் சமாளித்துக்கொள்ளும். கனடாத் தம்பி போடும் மருந்துகளை இங்கே யாரும் போடாதீர்கள்.

வெலிமடைத் தோட்டம்

மரக்கறித் தோட்டத்து மருந்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். நானே பயிர் செய்பவன். மருந்து அடிக்காமல் கிழங்கு எடுக்க முடியாது.

ஊவாக்காற்று

அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வேளையை மாற்றுங்கள். தேனீ காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை மேயும். பொழுது சாயும் நேரத்தில் அடித்தால் விடிவதற்குள் ஓரளவு உலர்ந்துவிடும். பூத்து நிற்கும் போஞ்சியிலும், வரப்பில் பூத்த களையிலும் அடிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் அடிக்கப் போவது தெரிந்தால், முதல் நாள் இரவே வாசலைக் கம்பி வலையால் அடைத்து, நிழலும் காற்றும் வைத்து, ஒரு காலைப் பொழுது மட்டும் உள்ளே நிறுத்தலாம். அதற்கு மேல் அடைத்து வைத்தால் வெப்பத்தில் அவிந்து போகும். அந்தப் பக்கத்துக்காரருக்குத் தேன் எடுக்கும்போது ஒரு போத்தல் கொடுத்து வையுங்கள். அடிப்பதற்கு முதல் நாள் தானாக வந்து சொல்வார்.

மேல்கொத்மலை

எல்லோருக்கும் நன்றி. வளர்ப்பவர் ஒருவரிடம் சட்டத்தோடு இரண்டு கூட்டங்கள் பேசியிருக்கிறேன். இன்னொரு சிக்கல் இருக்கிறது. எங்கள் இடம் தோட்டக் காணி, லயத்துக்குப் பக்கம். குளவி கொட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் வைத்தியசாலைக்குப் போகும் செய்தி மாதம் ஒன்றாவது வருகிறது. பெட்டி வைத்தால் அயலவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அம்மா பயப்படுகிறார்.

பசறைக்காரி

அம்மாவின் பயம் நியாயமானது, சிரித்து ஒதுக்காதீர்கள். மலையில் கூட்டமாக விரட்டிக் கொட்டுவது குளவியும் மலைத்தேனீயும். பெட்டித் தேனீ அப்படி விரட்டாது. ஆனால் கொட்டப்பட்டவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது. ஆகவே முதலில் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி வாங்குங்கள். பிறகு அயலவர்களைக் கூப்பிட்டுத் திறந்த பெட்டியைக் காட்டுங்கள், பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது. பெட்டியின் வாசல் பாதையையும் தண்ணீர்க் குழாயையும் பார்க்காமல் கிழக்குப் பக்கம் திரும்பியிருக்கட்டும். காலை வெயில் பட்டால் மலைக் குளிரில் தேனீ நேரத்தோடு வேலைக்குப் போகும். வாசலுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு வேலிச் செடி இருந்தால் தேனீ மேலெழுந்தே பறக்கும், ஆள் மேல் மோதாது. காற்று முகத்தில் அடிக்காத இடமாகவும், மழைநீர் உள்ளே ஓடாதபடி வாசல் பக்கம் சிறிது சரிந்தும் இருக்கட்டும்.

கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். கொட்டிய இடம் வீங்குவது சாதாரணம். உடம்பு முழுவதும் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். அயலில் யாருக்காவது முன்பு அப்படி ஆகியிருந்தால் அந்த இடத்தில் பெட்டி வைக்காதீர்கள்.

மஸ்கெலியா மழை

கூட்டத்தைக் கொண்டுவரும் இரவு பற்றி ஒரு குறிப்பு. இருட்டி எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு வாசலை வலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாமல் ஆப்பு வைத்து, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள். நம் வீதிக் குழிகளுக்கு லொறியின் பின்பக்கம் ஆகாது, புது அடை முறிந்து ராணியின் மேல் விழும். சட்டங்கள் வண்டி ஓடும் திசையில் நீளவாக்கில் இருந்தால் பிரேக் போடும்போது அடை ஒன்றோடொன்று இடிக்காமல் வரும். இடத்தில் வைத்து அரை மணி நேரம் அமைதியாக விட்டு, இருட்டிலேயே வலையை எடுத்துவிடுங்கள். ராணித் தடுப்பை இந்தமுறை நான் வலியுறுத்தவில்லை.

மேல்கொத்மலை

கடைசியாக ஒன்று. தேன் தட்டை எப்போது மேலே ஏற்றுவது?

ஊவாக்காற்று

கீழ்ப்பெட்டியின் கடைசிச் சட்டம் வரை தேனீ மூடி நின்று, சட்டங்களின் மேல்விளிம்பில் புது வெள்ளை மெழுகு தெரியும்போது. அதற்கு முன் ஏற்றினால் சூடு மேலே போய்ப் புழு குளிரில் நிற்கும். முதல் பூக்காலத்துத் தேனில் கை வைக்காமல் மழைக்காலச் சாப்பாடாக விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் வைகாசி மழை தொடங்குவதால், மாசி பங்குனிக்குள் கூட்டத்தை இறக்கினால் அடை கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். வரும் மழைக்கு முன் இறக்க முடியாவிட்டால் விற்பவரிடமே இருக்கட்டும், மழை விட்ட பிறகு எடுங்கள்.